தணிகாசலத்தின் அளவு

செத்துப்போன பிள்ளைக்கு ஒரு வயது கூட்டுவதற்கு மயிலாப்பூர் கச்சேரி ரோடு அக்பர் பாஷாவின் தையல் கடையில் ஒன்றரை அணா ஆகும். தண்ணித்துறை மார்க்கெட்டில் கீரையும் வாழைக்காயும் விற்கிற முத்தம்மா அதை ஓரணாவுக்குக் கொண்டுவந்துவிட்டாள்.

"அரை அங்குலம் மார்பு கூட்டறதுக்கு ஒண்ணரை அணாவா பாய்? சரிகையில தெக்கிறியா?"

"துணி கூடப் பிடிக்குது முத்தம்மா."

"புள்ள வளர்றான், துணி பிடிக்காதா? ஓரணா. இஸ்டமிருந்தா வெட்டு, இல்லாட்டி துணியக் குடு."

துணியைத் திருப்பிக் கொடுக்க வழியில்லை. அதை நனைத்துச் சுருக்கம் பார்ப்பதற்காகக் கொடியில் போட்டாயிற்று. துணி நனைகிற வரையில் முத்தம்மா விலையைப் பற்றி வாய் திறக்க மாட்டாள். நனைந்த பிறகு வாயை மூட மாட்டாள்.

தணிகாசலம் அவளுக்கு ஒரே பிள்ளை. 1916-ஆம் வருஷம், பத்தொன்பது வயதில், பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய்ச் சேர்ந்தான். பெங்களூரில் கொஞ்ச நாள் பழக்கிவிட்டுக் கப்பலேற்றி பஸ்ராவுக்கு அனுப்பினார்கள். மறு வருஷம் ஒரு காகிதம் வந்தது. ஏதோ ஓர் ஆற்றில் பாலம் போடுகிற வேலையில் குண்டு பட்டு இறந்தான் என்று எழுதியிருந்தது. அந்த ஆற்றின் பெயரை முத்தம்மா நாலு பேரிடம் படிக்கச் சொன்னாள்; நாலு பேரும் நாலு பெயர் சொன்னார்கள். உடம்பு வரவில்லை, உடுப்பு வரவில்லை. போட்டோ என்று ஒன்று எடுத்ததே இல்லை. இந்த உலகத்தில் அவன் உடம்பு இன்னதாக இருந்தது என்பதற்கு ஒரே ஒரு சாட்சிதான் இருந்தது. கப்பலேறுவதற்கு முன்னால் பாஷாவிடம் ஒரு சட்டை தைத்துக்கொண்டு போனான். அந்த அளவு கடைப் புத்தகத்தில் ஒரு வரியாக நின்றது.

போகியன்று செத்தவர்களுக்குப் புதுத்துணி வைத்துப் படைப்பது முத்தம்மா வீட்டு வழக்கம். படைத்த துணியை வீட்டில் ஓர் ஆண்பிள்ளை உடுத்த வேண்டும். 1918-ஆம் வருஷத்துப் போகிக்கு முதல் சட்டை, அந்த ஒரு வரியின்படியே தைத்தது. மறு வருஷம் முத்தம்மா வந்து கடை வாசலில் நின்றாள்.

"பாய், அவனுக்கு இப்போ இருவத்திரண்டு. மார்பு விரியாதா?"

பாஷா கத்திரியைக் கீழே வைத்தார். செத்தவன் வளர மாட்டான் என்று சொல்வதற்கும் ஒரு வாய் வேண்டும். அந்த வாய் அவருக்கு அமையவில்லை. அரை அங்குலம் கூட்டி வெட்டினார்.

இப்படி நாலைந்து வருஷம் கண்ணை மூடிக்கொண்டு கூட்டிப் பார்த்தார். முத்தம்மா லேசுப்பட்டவளா? தைத்த சட்டையை மடியில் விரித்துப் போட்டு, தோளுக்குத் தோள் சாண் வைத்துப் பார்ப்பாள். "இவ்ளோ அகலமா? அவங்கப்பனுக்கே இல்லாத தோளு இவனுக்கு எங்கேர்ந்து வந்துச்சு?" என்பாள். எதிரில் நிற்காத ஆளுக்கு எத்தனை வருஷம்தான் குத்துமதிப்பாக வெட்டுவது?

அப்போதுதான் துரைராஜ் வந்தான். 1922 பொங்கலுக்கு ஒரு சட்டை தைத்துக்கொள்ள வந்த கொத்தனார் பையன். வயது கேட்டால் இருபத்தைந்து என்றான். டேப்பைச் சுற்றினால் மார்பு முப்பத்து நாலரை. பத்து நாளுக்கு முன்னால் பாஷா தணிகாசலத்தின் பெயருக்கு நேரே மனக்கணக்கில் எழுதியதும் முப்பத்து நாலரைதான். தோளும் அதே, கையும் அதே. பாஷாவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. மயிர் படிந்ததும் உள்ளே இருந்த வியாபாரி எழுந்து உட்கார்ந்துகொண்டான். இனிமேல் எதற்குக் குத்துமதிப்பு? பொங்கலுக்குப் பொங்கல் துரைராஜ் வருவான். அவனை அளந்து, அந்த எண்ணை அப்படியே தணிகாசலத்தின் பெயருக்கும் எழுதிவிட வேண்டியது. ஒரே வயது, ஒரே வாட்டம். அதற்குப் பிறகு தைத்த ஒன்பது சட்டையும் அப்படித்தான். முத்தம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. கேட்காததைச் சொல்லாமல் இருந்தால் அது பொய்யாகாது என்று கடைத்தெருவில் ஒரு சட்டம் உண்டு.

ஒரே ஒரு வருஷம் அந்தச் சட்டம் ஆட்டம் கண்டது. 1925-இன் கடைசியில் துரைராஜ் குளிர்ஜுரத்தில் இரண்டு மாதம் கிடந்தான். பொங்கலுக்கு வந்தபோது மார்பு இரண்டு அங்குலம் உள்ளே போயிருந்தது. பாஷா யோசித்திருக்கலாம். கை பழகிவிட்டது; தணிகாசலத்துக்கும் போன வருஷத்து முப்பத்தாறு இந்த வருஷம் முப்பத்து நாலு ஆயிற்று. முத்தம்மா சட்டையை மடியில் விரித்தாள். சாண் வைத்தாள். மறுபடி வைத்தாள்.

"எளச்சுட்டானா பாய்?"

"முப்பது நெருங்கறப்போ சில பேரு கொஞ்சம் வத்துவாங்க முத்தம்மா. அப்புறம் தேறிடுவாங்க."

அந்தப் போகிக்கு அவள் கோழி அடித்தாள், முட்டை அவித்தாள், நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வைத்தாள். ஓர் இலை போடுகிற இடத்தில் இரண்டு இலை போட்டாள். துரைராஜுக்கு ஜுரம் விட்டது. மாம்பலத்து ஏரியைத் தூர்த்துப் புதிதாக எழுப்புகிற பங்களாக்களில் மேஸ்திரி வேலை கிடைத்தது. வேளைக்குச் சோறு, வாரத்துக்கு ஒரு நாள் கறி. மறு பொங்கலுக்கு மார்பு முப்பத்தேழு. சட்டையைப் பார்த்த முத்தம்மா பாஷாவின் முழங்கையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"போய்ச் சேந்துட்ச்சி பாய்! நான் போட்ட சோறு போய்ச் சேந்துட்ச்சி!"

அன்று வீட்டுக்குப் போய் பாஷா இதைச் சொன்னதும் அவர் சம்சாரம் கமர் ஜஹான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. பிறகு சிரிப்பு நின்றது. தண்ணீர் நிற்கச் சற்று நேரமாயிற்று.

சட்டைகள் தகரப் பெட்டியில் சேர்ந்தன. உடுத்த வீட்டில் ஆண்பிள்ளை இல்லை. "பொருந்தாதவனுக்குக் குட்த்தா அது குட்த்ததுல சேராது" என்பது முத்தம்மாவின் கட்சி. அக்கம்பக்கத்தில், உறவில், வயது வந்த ஆண்பிள்ளைகளுக்கெல்லாம் போட்டுப் பார்த்தாள். ஒருவனுக்குத் தோள் தொங்கும், ஒருவனுக்குப் பித்தான் கூடாது. பெட்டியை மூடிவிடுவாள். பெட்டிக்குப் பக்கத்தில் இன்னொரு ஜீவனும் அப்படியே இருந்தது. அவள் தம்பி மகள் ரத்னா. தணிகாசலத்துக்கென்று பேசி வைத்த பெண். காகிதம் வந்தபோது பதினாலு வயது, இப்போது இருபத்தெட்டு. நடுவில் இரண்டு இடத்திலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். "பேசி வெச்சதுக்கே பட்டாளத்தானை முழுங்கினவ" என்று யாரோ ஒரு புண்ணியவதி காதில் போட்டாள். வந்தவர்கள் வந்த வழியே போனார்கள்.

இப்படியிருக்க, 1931 போகி கழிந்து பத்தாம் நாள் முத்தம்மா கடைக்கு வந்தாள். முந்தானையில் வெற்றிலை பாக்கு.

"பாய், எம்புள்ள வந்துட்டான்."

பாஷா ஊசியை விரலில் ஏற்றிக்கொண்டார்.

"இன்னா பாய் முழிக்கிறே? கேளு. மழையில எங்க வூட்டுப் பின்சொவரு சரிஞ்சுபோச்சில்ல? ஒரு மேஸ்திரிய இட்டாந்தா ரத்னா. மாம்பலத்துல வேல செய்றவன், ஞாயித்துக்கெழமை வந்தான். சொவரு வெச்சுக்கினு இருந்தவன் சட்டை நனஞ்சுபோச்சாம். இவ பொட்டியத் தொறந்து இந்த வருசத்துச் சட்டைய எட்த்துக் குட்த்துட்டா. நான் மார்க்கெட்லேர்ந்து வரேன். வூட்டுக்குப் பின்னால கீற கால்வாயப் பாத்துக்கினு எம்புள்ள சட்டை நிக்கிது. உள்ளே ஆளோட!"

"யா அல்லா!"

"கூடையக் கீழ போட்டுட்டேன். தோள்ல ஒரு சுருக்கம் இல்ல பாய். கை கரெக்டா மணிக்கட்டுல வந்து நிக்கிது. பதினாலு சட்டை, ஒருத்தனுக்குப் பொருந்துச்சா? போகியன்னிக்குத்தான் வேண்டிக்கினேன். 'உனுக்குன்னு பேசுன பொண்ணு உனுக்காவ ஒக்காந்துக்கினு கீறா, ஒரு வழி காட்டுடா நைனா'ன்னு. பத்தே நாளு. ஒடம்பையே அனுப்பிட்டான்."

மேஸ்திரியின் பெயரைப் பாஷா கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியம் இல்லை.

"விசாரிச்சேன், நம்ம ஜனந்தான். கூடப் பொறந்த மூணு பொண்ணுங்களையும் கட்டிக் குட்த்துட்டுத் தனியா நிக்கிறான். மாசியில முகூர்த்தம். மாப்பிள்ளைச் சட்டைய நீதான் தெக்கிணும். அளவெடுக்க வாணாம். எம்புள்ள அளவு கீதில்ல, அதுலயே வெட்டு."

வெற்றிலையை மிஷின் மேல் வைத்துவிட்டு அவள் போன நடை, ஐம்பது வயதுக்காரியின் நடையாக இல்லை.

மாலை தொழுகை முடிந்து வீட்டுக்கு வந்த பாஷா, காஜா எடுத்துக்கொண்டிருந்த சம்சாரத்தின் எதிரில் உட்கார்ந்து முழுவதையும் கொட்டினார்.

"சொல்லிடட்டுமா?"

"சொல்லி?" கமர் ஜஹான் நூலைப் பல்லில் கடித்து அறுத்தாள். "இருவத்தெட்டு வயசுப் பொண்ணு. உங்க உண்மைய வாங்கி அவ இன்னா செய்வா? கழுத்துல கட்டிக்குவாளா?"

"அந்தப் பொம்பளை பதினாலு வருசமா என்னை நம்பிக்கினு..."

"உங்களை எங்க நம்பினா? தச்சதை எல்லாம் சாண் போட்டுப் பாத்துத்தானே எட்த்துக்கினு போனா? அவ நம்பினது அளவை. அளவு தப்பா இருந்துச்சா?"

"அளவு சரி. ஆளு வேற."

"ஆளு வேறன்றது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். ஆளு பஸ்ராவுல கீறான். பேசாம சட்டையத் தச்சுக் குடுங்க."

பாஷாவுக்கு இது பிடித்துத்தான் இருந்தது. பேசாமல் இருப்பது செலவில்லாத காரியம். இரண்டு நாள் அந்தச் சௌகரியத்தில் இருந்தார். மூன்றாம் நாள் காலை துரைராஜ் வந்து கடைப் பலகையில் தொப்பென்று உட்கார்ந்தான். வேட்டியெல்லாம் சுண்ணாம்பு.

"பாய், ஒரு சட்டை என்னைப் பிடிச்சுக்கிச்சு. கழட்ட முடியல."

"கேள்விப்பட்டேன். கல்யாணமாமே?"

"யாருக்குன்னு கேளுங்க. நேத்து அந்தம்மா சோறு போட்டாங்க. எலையில நெத்திலிக் கருவாடு. எனக்குக் கருவாடு ஆவாது பாய், அந்த வாசனையே ஆவாது. 'உனுக்கு உசுராச்சேடா'ன்றாங்க. யாருக்கு உசுரு? 'தணிகாசலம், கையை நீட்டு'ன்றாங்க. நான் திரும்பிப் பின்னால பாக்கறேன். யாரும் இல்ல."

"ரத்னாவைப் பிடிக்கலியா உனக்கு?"

துரைராஜ் கொஞ்சம் நெளிந்தான். "எனக்கு வாழைக்காயே புடிக்காது பாய். ஆறு மாசமா அவ கையால வாங்கினு கீறேன்."

"அப்புறம் என்னப்பா?"

"அந்தம்மாவுக்கு வேண்டியது மருமவன் இல்ல. செத்த புள்ளைக்கு ஒரு வாடகை வூடு. நான் வூடு கட்டறவன் பாய், வூடாவே நிக்க என்னால ஆவாது. என்னைப் பாத்துக் கட்டினா கட்டட்டும். சட்டையப் பாத்துக் கட்டறதுன்னா சட்டைக்கே கட்டி வைக்கட்டும். செங்கல்பட்டுப் பக்கம் ஒரு சத்திரம் எழும்புது, ஆறு மாச வேல. ஞாயித்துக்கெழமைக்குள்ள பைசலாவலன்னா நான் ரயிலேறிடறேன்."

எழுந்தவன் வாசலில் நின்று திரும்பினான். "எனக்கு ஒண்ணு மட்டும் புரியல. அவ்ளோ கச்சிதமா எப்படிப் பொருந்துச்சு?"

பாஷா துணியில் இல்லாத நூலைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

அவன் போன பிறகு தையல் ஓடவில்லை. சொன்னால் முத்தம்மா பிள்ளையை இரண்டாவது தடவை பறிகொடுப்பாள். பொருத்தம் பொய்யென்று கல்யாணத்தையும் நிறுத்துவாள். சொல்லாவிட்டால் மாப்பிள்ளை ரயிலேறுவான். முழுங்கின பட்டாளத்தானோடு ஒரு மேஸ்திரியையும் சேர்த்து ரத்னாவின் தலையில் எழுதுவார்கள். கத்திரியை எந்தப் பக்கம் பிடித்தாலும் விரல் போகிறது. பாஷா கடையைப் பாதி சாத்திவிட்டு, அளவுப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மார்க்கெட்டுக்கு நடந்தார்.

"இன்னா பாய், புஸ்தகத்தோட? முருங்கைக்காய்க்கு அளவெடுக்கப் போறியா?" என்றாள் முத்தம்மா. பக்கத்தில் ரத்னா கீரைக்கட்டுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள்.

பாஷா ஒரு காலிக் கூடையைக் கவிழ்த்து உட்கார்ந்தார். பேரத்தில் வேண்டுமானால் சுற்றிச் சுற்றிப் பேசலாம். இதை ஒரே வெட்டாக வெட்டினார்.

"முத்தம்மா, அந்த மேஸ்திரிக்குச் சட்டை பொருந்தினதுல அதிசயம் ஒண்ணும் இல்ல. அது அவன் சட்டைதான். ஒன்பது வருசமா அவனை அளந்துதான் உன் பிள்ளைக்கு எழுதினேன்."

புத்தகத்தில் இரண்டு இடத்தைப் பிரித்துக் காட்டினார். முத்தம்மாவுக்கு எழுத்துத் தெரியாது, எண் தெரியும். எண் தெரியாமல் அந்த மார்க்கெட்டில் ஒரு வாரம் காலம் தள்ள முடியாது. ஈர விரலை ஒவ்வொரு வரியாக நகர்த்தினாள். இந்தப் பக்கம் முப்பத்தாறு, அந்தப் பக்கம் முப்பத்தாறு. முப்பத்து நாலு, முப்பத்து நாலு. விரல் அங்கே நின்றுவிட்டது.

அந்தச் சமயம் பார்த்து மடிசார் கட்டின மாமி ஒருத்தி வாழைப்பூவைக் கையில் எடுத்தாள். "ஏண்டி முத்தம்மா, இது ஓரணாவா? ஆத்துல இருக்கறது ரெண்டே பேர். அரையணா தரேன்."

"எட்த்துக்கினு போம்மா."

மாமி காசை நீட்டியவள் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "என்னடி இது? ஒடம்பு கிடம்பு சரியில்லையா? சண்டையே போடலையே!" வாழைப்பூவை மூன்று தரம் புரட்டிப் பார்த்தாள், அழுகல் ஏதாவது இருக்குமோ என்று. சந்தேகத்தோடேயே வாங்கிக்கொண்டு போனாள்.

இருபது வருஷப் பழக்கத்தில் முத்தம்மா சொன்ன விலையில் காசு விட்டுக் கொடுத்து பாஷா பார்த்ததில்லை.

"பாய்," என்றாள் அவள் கடைசியில். விரல் இன்னும் முப்பத்து நாலின் மேல்தான். "இந்த வருசம் எளச்சது யாரு?"

"துரைராஜ். குளிர்ஜுரம்."

"எம்புள்ள இல்லியா?"

"இல்லம்மா."

"நெசமாவா? அல்லா மேல ஆணையா?"

"ஆணையா."

முத்தம்மா தலையில் இருந்த சும்மாட்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அதுக்கு முந்தின போகி வந்தப்போ கையில காசு இல்ல பாய். யாவாரம் படுத்துக்கிச்சு. வெறுஞ்சோறும் ஒரு கத்திரிக்காயும் வெச்சுப் படச்சேன். அடுத்த வருசம் நீ எளச்ச சட்டையக் குட்த்தே. புள்ளையப் பட்டினி போட்டுட்டேனேன்னு அஞ்சு வருசமா நெஞ்சுல வெச்சு அறுத்துக்கினு கீறேன். இவளக் கேளு, அன்னிலேர்ந்து கத்திரிக்காய் தொடுறேனான்னு." குரல் உடைந்தது, உடைந்த இடத்திலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. "அவன் எளைக்கவே இல்லியா! அடப் பாவி பாய், இத்த அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா?"

பாஷாவுக்கு இந்தத் திசையிலிருந்து அடி விழும் என்று எதிர்பார்ப்பு இல்லை. அவர் பக்கங்களைப் பின்னால் புரட்டினார். ஓரம் மஞ்சளாய்ப் போன ஒரு தாளில் நிறுத்தினார்.

"உன் பிள்ளை இங்க கீறான். இது என் கையால அவன் ஒடம்புல வெச்சு எடுத்தது. மார்பு முப்பத்திரண்டரை. அக்குள்ல டேப்பை வெச்சா கூச்சம் தாங்காம துள்றான். மூணு தரம் அளந்தேன், மூணு தரமும் வேற வேற அளவு. 'மூச்சை அடக்கி நில்லுடா, பட்டாளத்துல இப்படி ஆடினா சுட்டுடுவான்'னேன். அதுக்கும் சிரிச்சான்."

"சின்னதுலேர்ந்தே அப்படித்தான். இடுப்புல தூக்கவே வுட மாட்டான்." முத்தம்மா அந்த வரியின் மேல் விரலை வைத்தாள். மெல்லத்தான் வைத்தாள், துள்ளிவிடுவானோ என்கிற மாதிரி. "அப்போ இவன் இன்னும் பத்தொம்பதுதானா?"

"பத்தொன்பதுதான்."

"நாந்தான் வருசா வருசம் ஓரணா குட்த்து அவனுக்குத் தொப்பை வெச்சுக்கினு இருந்தேனா!"

ரத்னா அதுவரை தெளித்த கீரைக்கே தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். சொம்பைக் கீழே வைத்தாள். "அத்தே, நானும் ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு அந்தாளு சட்டை தானா நனையல. நான் ஊத்தினேன். ஒரு சொம்பு."

"ஏண்டி?"

"அவுரு போட்டுக்கினு இருந்தது தோள்ல கிழிஞ்சிருந்துச்சு. பாக்க சகிக்கல. பொட்டியில அத்தினி சட்டை சும்மா கெடக்குது. கேட்டா நீ தர மாட்டே."

"சாமி குட்த்த சைகைன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்சேனேடி!" என்று அவள் தலையில் ஒரு குட்டு வைத்தாள் முத்தம்மா. குட்டிய கை தலையிலேயே தங்கிவிட்டது. "தையக்காரன் ஒரு பக்கம், இவ ஒரு பக்கம். நடுவுல நான் அந்தாளுக்குக் கருவாடு போட்டுக்கினு கீறேன். மூஞ்சியச் சுளிச்சுக்கினே துன்னான் பாவம். அவனுக்கு இன்னாதாண்டி புடிக்கும்?"

"வாழைக்காய் புடிக்காது," என்றாள் ரத்னா. "அது தெரியும்."

பாஷா மெதுவாக, "செங்கல்பட்டுக்குப் போறதா சொல்லிக்கினு இருந்தான். உன் பிள்ளையா இருக்க அவனால ஆவாதாம். துரைராஜாவே வரணும்ன்றான்," என்றார்.

"துரைராஜாவே வரட்டும். எம்புள்ளைக்கு வயசு பத்தொம்பதுதான். இவ இருவத்தெட்டு. அவனுக்கு இவளக் கட்டி வெச்சா ஊரு சிரிக்காது?" முத்தம்மா எழுந்து முந்தானையை உதறினாள். "ஞாயித்துக்கெழமை கடைக்கு இட்டாரேன். நல்லா அளந்து எடு. அடுத்த போகிக்கு எம்புள்ள சட்டைய இந்தப் பழைய வரியிலயே வெட்டிடு, ஒரு நூல் கூட்டாத."

"அவ்ளோ சின்னச் சட்டைய யாரு போடுவாங்க முத்தம்மா?"

"பொறந்து வளந்து போடட்டும். எனக்கு இன்னா அவசரம்?"

அதற்குள் ஒருவர் வந்து அவரைக்காய் என்ன விலை என்றார். முத்தம்மா சொன்ன விலையைக் கேட்டு அவர் நாலு அடி நகர்ந்து போனார். அவள் அவருடைய குடை, செருப்பு, குடும்ப கௌரவம் எல்லாவற்றையும் சேர்த்து இழுத்து வைத்துப் பேச ஆரம்பித்தாள். பாஷாவுக்கு மூச்சு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை நாலு பேரும் கடையில் இருந்தார்கள். கமர் ஜஹானும் வீட்டிலிருந்து வந்து உள்கதவின் திரைக்குப் பின்னால் நின்றாள். அவளையும் சேர்த்தால் ஐந்து. துரைராஜ் தலைக்கு எண்ணெய் வைத்து வாரியிருந்தான். முத்தம்மா பலகையில் உட்கார்ந்தபடி, "இந்தாப்பா துரைராஜ், நிமுந்து நில்லு. மேஸ்திரின்னு பேரு, தூக்குநூல் மாதிரி நிக்க வாணாமா?" என்றாள். யாரைச் சொல்கிறாள் என்று இந்தத் தடவை அவன் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. ரத்னா சுவரில் மாட்டியிருந்த காலண்டரை வெகு சிரத்தையாகப் படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

பாஷா டேப்பைச் சுற்றினார். மார்பு முப்பத்தொன்பது. பொங்கலுக்கு எடுத்ததைவிட அரை அங்குலம் அதிகம். மூன்றே வாரத்தில் எப்படி என்று அவர் கேட்கவில்லை. அந்த அரை அங்குலத்துக்குத் தனியாகக் காசு கேட்டதற்கு மட்டும் முத்தம்மா எழுந்து நின்றாள். கால் மணி நேரம் தொண்டை கட்டுகிற வரையில் பேசினார்கள். திரைக்குப் பின்னாலிருந்து, "விடுங்க, கல்யாண வூட்டுக் காசு" என்று குரல் வந்த பிறகு பாஷா விட்டார். ஒரு புதுத் தாளைப் புரட்டி, தலைப்பில் துரைராஜ் என்று பெரிதாக எழுதி, கீழே கணக்குப் போட்டார்.

மல் துணி மூன்று கெஜம், கெஜம் ஒன்பதணா வீதம்: ரூபாய் ஒன்று, அணா பதினொன்று.

தையல் கூலி: அணா பன்னிரண்டு.

பித்தான்: அணா ஒன்றரை.

ஆக: ரூபாய் இரண்டு, அணா எட்டரை.

வரவு, முத்தம்மா கையால்: ரூபாய் இரண்டு, அணா நாலு.

பாக்கி, முதல் குழந்தைக்குச் சட்டை தைக்கும்போது சேர்த்துத் தருவதாகச் சொன்னது: அணா நாலரை.